ட்ரிக்கர் அழுத்திய பிறகு

மெரினாவில் பலூன் சுடும் கடையில் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் முக்கால்வாசிப் பேர் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம். கட்டையைத் தோளில் அழுத்தி, முன்பக்கத்தை இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு சுடுகிறோம். மஞ்சள் பலூனைக் குறிவைத்தால் பக்கத்துச் சிவப்பு வெடிக்கும். அல்லது எதுவுமே வெடிக்காது. ‘குழாயை வளைச்சு வெச்சிருக்கான்யா’ என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு சுண்டல் வாங்கப் போய்விடுவோம். நானும் திட்டியவன்தான். பாதிக் குற்றம் என் பிடியில் இருந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அந்தத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. குழாயை மடக்கும்போது உள்ளே ஒரு தடித்த ஸ்பிரிங் சுருங்கி, அதன் முனையில் உள்ள பிஸ்டன் ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. ட்ரிக்கரை அழுத்தினால் கொக்கி விடுபடும், பிஸ்டன் பாயும், முன்னால் இருக்கும் காற்றை நெருக்கும். நெருக்குண்ட காற்று ஒரு சிறு துளை வழியாகப் போய்க் குண்டைத் தள்ளும். ஸ்பிரிங் குண்டைத் தொடுவதே இல்லை. தேவையான காற்றழுத்தம் சுடுகிற அந்தக் கணத்தில்தான் பிறக்கிறது. அவ்வளவு அவசரமாக நெருக்கப்படுவதால் காற்று பல நூறு டிகிரி சூடாகிவிடும். அறைக்குள் எண்ணெய் கொஞ்சம் தங்கியிருந்தால் பற்றிக்கொள்ளும். டீசல் என்ஜின் ஓடுகிற அதே தத்துவம். புதுத் துப்பாக்கி முதல் சில முறை புகை கக்குவதற்குக் காரணம் இதுதான்.

வம்பு எடையில் இருக்கிறது. குண்டு அரை கிராம். பிஸ்டன் ஏறக்குறைய கால் கிலோ. அது முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். முனையில் போய் அது தடைபடும்போது துப்பாக்கி முன்னால் இழுபடும். கண்ணிமைப்பதற்குள் இரண்டும் முடிந்துவிடும். ஆனால் குண்டு குழாயை விட்டுக் கிளம்பும் முன்பே குலுக்கல் தொடங்கிவிடுகிறது. நம் இறுக்கம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்காது. அதனால் குலுக்கலும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு பக்கம் போகும். விஷயம் தெரிந்தவர்கள் விரித்த உள்ளங்கையில் துப்பாக்கியைக் கிடத்தி, பச்சைக் குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல் தாங்கி, அதன் போக்கில் உதைக்க விட்டுவிடுகிறார்கள்.

இந்த உதையை அடக்க ஜெர்மானியர்கள் பட்ட பாடு தனிக்கதை. டயானா கம்பெனி ஒரே துப்பாக்கிக்குள் எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு பிஸ்டன்களை வைத்தது. ஒன்று சுடும், மற்றது உதையை வாங்கிக்கொள்ளும். ஃபைன்வெர்க்பாவ் கம்பெனி குழாயையும் இயந்திரத்தையும் சேர்த்துத் தண்டவாளம்போல ஒன்றின் மேல் சறுக்கவிட்டது. சுடுபவரின் தோளுக்கு உதை வந்து சேரவே சேராது.

கேஸ் துப்பாக்கி என்று கடையில் சொல்வது பெரும்பாலும் ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்து மூடிய வாயுக் குழல் வைத்தது. ஹேட்ச்பேக் காரின் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கிறதே, அந்தச் சாமான்தான். மணிக்கணக்கில் மடக்கியே வைத்திருந்தாலும் ஸ்பிரிங்போலத் தளர்ந்துபோகாது. சுட்டதும் ‘டொய்ங்’ என்ற அதிர்வும் இல்லை. வாயு கசிந்துவிட்டால் வீட்டில் பழுது பார்க்க முடியாது. பிஸ்டன் இதிலும் பாயத்தான் செய்கிறது, உதையும் இரண்டு பக்கமும் உண்டு. என் கணக்கில் இது ஸ்பிரிங்கின் தம்பி, அவ்வளவே.

உண்மையிலேயே வேறு இனம், காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பிசிபி. மூன்றில் இதுதான் நவீனம் என்று நினைப்போம். ஆனால் 1780 வாக்கிலேயே ஆஸ்திரிய ராணுவம் ஜிரார்டோனி என்பவர் வடிவமைத்த இப்படியொரு துப்பாக்கியைச் சேர்த்துக்கொண்டது. தோளில் வைக்கும் கட்டைக்குப் பதில் காற்றுக் கலயம். அதை நிரப்பக் கைப்பம்பில் சுமார் 1,500 அடி. அடித்துவிட்டால் புகையில்லாமல் இருபது குண்டுகளை அடுத்தடுத்துச் சுடலாம். மற்ற படைகள் ஒவ்வொரு குண்டுக்கும் மருந்து இடித்துக்கொண்டிருந்த காலம் அது. 1804இல் அமெரிக்காவின் மேற்கே கிளம்பிய லூயிஸ், கிளார்க் குழுவும் ஒரு காற்றுத் துப்பாக்கியைச் சுமந்து போய், வழியில் சந்தித்த பழங்குடிகளுக்குச் சுட்டுக் காட்டியது.

பஞ்சர் கடையில் ‘30 அடிங்க’ என்கிறோமே, அந்தக் கணக்கில் இன்றைய பிசிபி சிலிண்டரில் கிட்டத்தட்ட 2,900 இருக்கும், அதாவது 200 பார். ட்ரிக்கரை அழுத்தினால் ஒரு சின்னச் சுத்தி வால்வைத் தட்டும். கொஞ்சம் காற்று வெளியேறும். நகர்கிற கனம் குறைவு என்பதால் குலுக்கல் அநேகமாக இல்லை. இதில் ஒரு விநோதம் உண்டு. அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் இல்லாத துப்பாக்கியில் காற்றை முட்ட முட்ட நிரப்பினால் குண்டு வேகமாகப் போகாது, மெதுவாகப் போகும். உள்ளிருக்கும் அழுத்தம் வால்வை அவ்வளவு பலமாக மூடிப் பிடித்திருப்பதால் சுத்தியின் தட்டுக்கு அது சரியாகத் திறப்பதில்லை. சில குண்டுகள் சுட்டு அழுத்தம் இறங்கிய பிறகே வேகம் கூடும். பிறகு காற்று தீரத் தீர மறுபடி குறையும்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்கில் நின்று சுட்ட பத்து மீட்டர் போட்டிக்கு இந்த வகைதான் பொருந்தும். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். குண்டின் விட்டம் நாலரை மில்லிமீட்டர். குண்டைச் செலுத்தும் ஆற்றல் ஏழரை ஜூல் அளவில்தான். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை முக்கால் மீட்டர் தூக்கினால் செலவாகிற ஆற்றல் அது. அங்கே பலம் யாருக்கும் தேவையில்லை. துப்பாக்கி அசையாமல் இருந்தால் போதும்.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: போட்டிக்குப் போகிற பிள்ளையென்றால் பிசிபி, கிளப்பில் காற்று நிரப்பும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கைப்பம்பில் அடிப்பது தேகப்பயிற்சி. கடலோர ஊர்களில் ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். பொழுதுபோக்காகக் காகித இலக்கைச் சுடுபவருக்கு ஸ்பிரிங் போதும். அதில் கை பழகியவர் பிசிபியை எடுத்தால் பிரமாதமாகச் சுடுவார். பறவையைச் சுட என்று எதையும் வாங்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். பழைய பிசிபி மலிவாகக் கிடைத்தால் குழாயைப் பார்ப்பதற்கு முன் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். போட்டிகளில் அதற்கு அதிகபட்ச ஆயுள் பத்து ஆண்டு.