பல பொருள்களை ஏலம் விடுவது எப்படி?

1990இல் நியூசிலாந்து அரசு அலைவரிசை உரிமங்களை ஏலம் விட்டது. கூடக் கேட்டவருக்கே உரிமம். ஆனால் அவர் கட்ட வேண்டியது இரண்டாவதாகக் கேட்டவரின் தொகை. ஒரு கம்பனி ஒரு இலட்சம் டொலர் கேட்டது. கட்டியதோ வெறும் 6 டொலர்! ஆகக் குறைந்த விலையொன்றை முதலிலேயே வைக்காததால் பொதுச்சொத்து சும்மா போனது.

ஒரே பொருளை விற்பதாயின், அந்தக் குறைந்த விலையைக் கணிக்கும் வழியை 1981இல் றொஜர் மயர்சன் காட்டினார். பொருள் இரண்டானால்தான் சிக்கல்.

ஒரு கணக்குப் பார்ப்போம். விளக்கும் பாயும் இருக்கின்றன. நாலு பேர் வருகிறார்கள். ஒருவருக்கு இரண்டும் 100 ரூபாய் பெறும்; ஒருவருக்கு இரண்டும் 200 பெறும். மூன்றாமவருக்கு விளக்கு 200, பாய் 100; நாலாமவருக்கு மறுதலை. தனித்தனியே விற்றால், 100 வைத்தாலும் 200 வைத்தாலும் 800தான் வரும். சோடியாக 300 என்றால் மூவர் வாங்குவர், 900 வரும்.

அப்போ சோடியாகவே விற்றுவிடலாமா? அவசரப்பட வேண்டாம். 100 என்ற இடமெல்லாம் பூச்சியம் என்று வையுங்கள். தனித்தனியே 200க்கு விற்றால் 800. சோடியாக 200க்கு விற்றால் 600. 400 என்றால் ஒருவர்தான் வாங்குவார்.

ஏலத்திலும் இதே கதைதான். மயர்சனின் வழி போல எளிய பொதுச்சூத்திரம் இதற்கு இல்லை. வாங்குவோரின் மனக்கணக்கை அறியாமல் பொதுச்சொத்தை ஏலத்தில் விட்டால், நட்டம் மக்களுக்கே.