வில்பத்து வனமும் பருவமறிந்த பயணமும்

புத்தளம் கரையோரப் பாடசாலைகளில் கல்விச் சுற்றுலாவைப் பற்றிய பேச்சு எழுமானால், கண்டி, பேராதனைப் பூந்தோட்டம், நுவரெலியா, தெகிவளை மிருகக்காட்சிச்சாலை என்னும் பெயர்களே முதலில் நாவில் வருதல் வழக்கம். கற்பிட்டியிலும் முந்தலிலும் உள்ள பிள்ளைகள் நள்ளிரவிலே பஸ் ஏறித் தெகிவளைக்குச் சென்று, இரும்புக் கம்பிகளுக்குப் பின்னே உறங்கும் சிறுத்தையைக் கண்டு, மறுநாள் விடியுமுன் களைத்து வீடு திரும்புகின்றனர். அதே இனச் சிறுத்தை கட்டின்றி உலாவும் பெருங்காடு புத்தளம் நகருக்கு வடக்கே 26 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அருகிலிருப்பதன் அருமை தெரிவதில்லை என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுவதில்லை. அக்காட்டுக்கு எப்பொழுது செல்வது, எவ்வாறு செல்வது, சென்றால் எதனைக் காண்பது என்பவற்றை நேயர்கள் அறிந்திருத்தல் பயனுடையது.

வனவிலங்குகளைக் காணச் செல்லும் பயணத்தை இக்காலத்தில் ‘சபாரி’ என்பர். அரபு மொழியில் பிரயாணத்தைக் குறிக்கும் ‘சபர்’ என்ற சொல்லே கிழக்கு ஆபிரிக்காவின் சுவாகிலி மொழியிற் புகுந்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்குச் சென்று இவ்வடிவம் பெற்றது. புத்தளத்து முஸ்லிம் மக்களுக்குச் ‘சபர்’ புதிய சொல்லன்று. 1344 ஆம் ஆண்டில் இக்கரையில் வந்திறங்கிய மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பதூதா, ‘பத்தாலா’ என்று தாம் குறித்த பட்டினத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, பாவா ஆதம் மலைக்கு வழித்துணை பெற்றுச் சென்றார். பத்தாலா என்பது புத்தளமே எனக் கொள்வர். வழியிலே யானைகள் மிகுந்த காடுகளைக் கடந்ததாகவும், அவை யாத்திரிகருக்குத் தீங்கு செய்வதில்லை என்று கேள்வியுற்றதாகவும் அவர் எழுதிவைத்துள்ளார். ஆகவே, இக்கரையோரத்தில் விலங்குகளிடையே பயணம் செய்தல் இன்று நேற்றுத் தோன்றிய பழக்கமன்று.

வில்பத்து, இலங்கையின் தேசிய வனங்களுள் பரப்பளவில் மிகப் பெரியது. ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர் விரிந்து, தெற்கே கலா ஓயாவையும் வடக்கே மோதரகம ஆற்றையும் எல்லையாகக் கொண்டு, மேற்கே கடலைத் தொட்டு நிற்கிறது. 1905 இல் சரணாலயமாக்கப்பட்டு, 1938 இல் தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2013 இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலிலும் இடம்பெற்றது. காட்டின் பெயரிலுள்ள ‘வில்’ என்பதே இதன் இயல்பை விளக்கும் திறவுகோல். வண்ணாத்திவில்லு என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டுப் பழகியோர்க்கு இச்சொல் அந்நியமன்று.

வில்லு என்பது குளமுமன்று, ஏரியுமன்று. குளத்துக்கு அணைக்கட்டு உண்டு. அதனை மனிதன் கட்டினான். வில்லுக்கு அணையில்லை; பெரும்பாலானவற்றுக்கு வந்து விழும் ஆறுமில்லை. மணற்பாங்கான சமநிலத்திலே இயற்கையாக அமைந்த ஆழமற்ற பள்ளங்களில் மழைநீர் தேங்கி நிற்பதே வில்லாகும். மழை பெய்யுங்கால் நிறைந்து விளிம்பு கடந்து பரவும். மழை நின்றபின் நாளுக்கு நாள் சுருங்கும். நீர் வற்றி விலகிய இடத்தில் இளம்புல் தளிர்க்கும். அப்புல்லை மேயப் புள்ளிமான் வரும். மானைத் தேடிச் சிறுத்தை வரும். ஒரு சில வில்லுகளின் நீர் உவர்ப்பானது, ஏனையவை நன்னீர். காளி வில்லு, பணிக்கர் வில்லு, பெரிய நாக வில்லு என்றவாறு இவற்றுட் பலவற்றுக்குத் தமிழ்ப் பெயர்கள் வழங்குகின்றன. பணிக்கர் என்பது முற்காலத்தில் யானை பிடிக்குந் தொழில் வல்லோர்க்கு வழங்கிய பெயர் என்பதை நினைவிற் கொண்டால், அப்பெயரிலேயே ஒரு பழைய வரலாறு ஒளிந்திருப்பது புலப்படும்.

இனி, எக்காலத்திற் செல்லுதல் தக்கது என்னும் வினாவுக்கு வருவோம். காட்டுப் பயணத்துக்குக் காலத்தை வகுப்பது நாட்காட்டியன்று, காற்றாகும். இவ்வுண்மையை விளங்கிக்கொள்ள இமயமலை அடிவாரக் காடுகளோடு வில்பத்தை ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. இந்தியாவின் முதலாவது தேசிய வனமாக 1936 இல் அமைக்கப்பெற்று, இன்று ஜிம் கோர்பெட்டின் பெயரைத் தாங்கி நிற்கும் இமய அடிவார வனத்தின் நடுப்பகுதியான திக்காலா, ஆண்டுதோறும் ஜூன் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிவரை பார்வையாளருக்கு மூடப்படுகிறது. தென்மேற்குப் பருவமழை அங்கு ஆறுகளைப் பெருக்கிப் பாதைகளைச் சிதைத்துவிடும். அதே தென்மேற்குக் காற்றுத்தான் இலங்கையின் தென்மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, புத்தளத்துக்கு வெறுங்கையோடு வருகிறது. மீனவர் சோளகம் என்று கூறும் அக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். காடோ காய்ந்து கிடக்கும். எனவே, இமய அடிவாரத்திற் கதவு மூடும் காலமே வில்பத்துக்குச் செல்ல ஏற்ற காலமாகின்றது.

வில்பத்துக்கு ஆண்டொன்றுக்குக் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர். அதிற் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களிற் பெய்கிறது. அக்காலத்தில் எங்கும் நீர் உண்டு. ஆதலால் விலங்குகள் ஓரிடத்திற் கூடவேண்டிய தேவையில்லை. அடர்ந்து தழைத்த புதருக்குள் அவை மறைந்திருக்கும். கலா ஓயா பெருக்கெடுத்தால் இலவங்குளத்துச் சப்பாத்துப் பாலத்தின் மேலாக வெள்ளம் பாயும். ஆயினும், அக்காலத்துக்கும் தனிச் சிறப்பு ஒன்றுண்டு. வட நாடுகளிலிருந்து வலசை வரும் பறவைகள் அப்பொழுதுதான் வில்லுகளை நாடி வருகின்றன. அவற்றுள் ஆறுமணிக்குருவியைக் குறிப்பிடல் வேண்டும். காலையும் மாலையும் மங்கிய ஒளியிற் குரல் கொடுப்பதால் இப்பெயர் பெற்ற இச்சிறு வண்ணப் பறவை, இமய அடிவாரம் முதலான இந்தியக் காடுகளிற் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இமய அடிவாரத்துக்குச் செல்ல வசதியில்லாத பிள்ளையைத் தேடி, அவ்வடிவாரத்துப் பறவையே புத்தளத்துக்கு வருகிறது எனலாம்.

மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் முற்பகுதிவரை கோடை. மே, ஜூன், ஜூலை மாதங்களிற் பாலைமரம் பழுக்கும். மஞ்சள் நிறமும் தேனினிமையும் வாய்ந்த பாலைப்பழத்தை அறியாத வன்னிப் பிள்ளையோ புத்தளத்துப் பிள்ளையோ இல்லை. கரடிக்கும் அப்பழமே பெருவிருந்து. ஏனைய காலங்களிற் கூச்சத்தால் ஒதுங்கித் திரியும் கரடி, பாலைப்பழக் காலத்திற் பட்டப்பகலிலும் மரமேறி உண்டு மயங்கிக் கிடப்பதைக் காணலாம். ஜூலைக்குப் பின் வில்லுகள் சுருங்கச் சுருங்க, யானை, எருமை, மரை, காட்டுப்பன்றி ஆகியன எஞ்சிய நீரை நாடி வெளிப்படும். நீரருகே முதலைகள் வெயில் காயும். ஆதலால், கரடியைக் காண விரும்புவோர் ஜூன் மாதத்தையும், பெருவிலங்குகளைக் காண விரும்புவோர் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களையும், பறவைகளை நாடுவோர் மழை ஓய்ந்த பெப்ரவரியையும் தெரிந்துகொள்ளலாம். கற்பிட்டிக் கடலில் ஓங்கில் கூட்டங்களைக் காணும் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஆகவே காட்டையும் கடலையும் ஒரே பயணத்தில் இணைக்க எண்ணுவோர்க்குப் பெப்ரவரி, மார்ச் மாதங்களே பொருந்தும்.

காலத்தைத் தெரிந்தபின் வழியைத் தெரிதல் வேண்டும். வனத்தின் பிரதான வாயில் ஹுனுவிலகமவில் உள்ளது. புத்தளம்–அநுராதபுரம் வீதியில் வில்பத்துச் சந்தியிலே திரும்பி, ஏறக்குறைய 7 கிலோமீற்றர் சென்றால் அதனை அடையலாம். தெற்கே இலவங்குளம் வழியாகவும் ஒரு வாயில் உண்டு. ஆனால் அவ்வழியின் நிலையை முன்கூட்டியே விசாரித்தறிதல் அவசியம். பாடசாலையிலிருந்து செல்வோர் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு முற்கூட்டியே எழுதி, கட்டணத்தையும் மாணவர்க்குரிய சலுகையையும் நாளையும் உறுதிசெய்துகொள்ளுதல் முறை. பஸ்ஸிலே வாயில்வரை வந்தவர்கள் உள்ளே ஜீப் வண்டிகளிற் செல்லவேண்டியிருக்கும். அதனால் நூறு பிள்ளைகளை ஒரே நாளில் அழைத்துவருவதிலும், முப்பது பிள்ளைகளை மூன்று முறை அழைத்துவருதல் மேல். செலவு சிறிது கூடலாம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் எதனையேனும் காணும்.

வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும். அதற்கு முன்னரே அங்கு நிற்றல் வேண்டும். வெயில் ஏறியபின் விலங்குகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். மீண்டும் பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னரே வெளிவரும். மண்ணிறம், பச்சை, சாம்பல் போன்ற மங்கிய நிற ஆடைகளே காட்டுக்கு ஏற்றவை. குடிநீரைப் போதிய அளவு கொண்டுசெல்லுதல் இன்றியமையாதது. உணவைப் பொலித்தீனிற் பொதியாது வாழையிலையிலோ பாத்திரத்திலோ கொண்டுசெல்ல வேண்டும். காட்டில் வீசப்பட்ட பையை மானும் யானையும் உணவென்று விழுங்கி மாள்கின்றன. குறித்த இடங்களிலன்றி வண்டியிலிருந்து இறங்குதல் கூடாது. யானைக்குப் பழம் நீட்டுதல் இரக்கச் செயலன்று. மனிதனிடம் உணவு பெற்றுப் பழகிய யானை பின்னர் வீதியிலும் ஊரிலும் அதனைத் தேடி வந்து, ஈற்றில் மனிதனாலேயே கொல்லப்படும்.

சாரதியிடம் முதலிற் கூறவேண்டியது, விரைய வேண்டாம் என்பதே. சிறுத்தை ஒன்று தென்பட்டதெனச் செய்தி கிடைத்ததும் வண்டிகள் ஒன்றையொன்று முந்திப் புழுதி கிளப்பி ஓடுவது வருந்தத்தக்க காட்சி. ஒரு வில்லின் கரையில் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, அரைமணி நேரம் மௌனமாக இருப்பவர்க்கே காடு தன்னைக் காட்டும். மரத்தின் மேலிருக்கும் மந்தி தொலைவிற் கண்ட ஆபத்தைக் குரலால் உணர்த்தும். கீழே மேயும் புள்ளிமான் தலைநிமிர்ந்து காலால் நிலத்தை உதைக்கும். அவ்விரண்டும் ஒரே திசையை நோக்கினால், அத்திசையிற் சிறுத்தை இருக்கக்கூடும். இலங்கையிற் புலியுமில்லை, சிங்கமுமில்லை. எனவே சிறுத்தையே இத்தீவின் தலையாய வேட்டை விலங்கு. அதனிலும் வலிய பகைவிலங்கு இல்லாமையால், சில வேளைகளிற் பகலிலும் மணற்பாதையில் அது படுத்திருப்பதுண்டு. ஆனால் அதனைக் கண்டே தீரவேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசைகாட்டி அழைத்துச் செல்லல் ஆகாது. காலடித் தடத்தையும், மரப்பட்டையிற் பதிந்த நகக்கீறலையும், கரடி கிளறிய கறையான் புற்றையும் கண்டு வாசிக்கக் கற்ற பிள்ளை வெறுங்கையோடு திரும்புவதில்லை.

வனத்தின் மேற்குக் கரையில் செம்மண் குன்றாகக் கடலை நோக்கி நிற்பது குதிரைமலை. உரோம நாட்டு ஆசிரியர் பிளினி குறிப்பிட்ட ‘ஹிப்புரோஸ்’ என்னும் துறைமுகம் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் கருத்து. கிரேக்க மொழியில் ‘ஹிப்போஸ்’ என்பது குதிரையைக் குறிக்கும். அல்லி அரசாணி அங்கு அரசாண்டாள் என்னும் கதையும் மக்களிடையே வழங்குகிறது.

இவ்வளவும் இருந்தும், ஒரு தலைமுறை முழுவதும் இக்காட்டைக் காணாமலே வளர்ந்தது. யுத்தம் காரணமாக 1980களின் பிற்பகுதியில் வனம் மூடப்பட்டு, 2003 இலேயே திறக்கப்பட்டது. 2006 இல் மீண்டும் மூடப்பட்டு, 2010 இல் திறக்கப்பட்டது. ஓர் இராணுவ அதிகாரியும் எதிர்த்தரப்புப் பெண்ணொருத்தியும் இக்காட்டின் ஊடாகச் சேர்ந்து நடந்து ஒருவரையொருவர் அறிந்துகொள்வதை ஆங்கில நாவலாக எழுதி 2003 இல் வெளியிட்டவர் நிஹால் த சில்வா. வில்பத்தை நேசித்த அவர், 2006 மே மாதத்தில் அவ்வனத்துக்குள்ளேயே கண்ணிவெடியில் உயிரிழந்தார். இன்று பிள்ளைகள் ஜீப்பில் அமர்ந்து சிரித்துக்கொண்டு செல்லும் மணற்பாதைகள், அவ்வாறு அச்சத்தோடு அடைபட்டுக் கிடந்த பாதைகளேயாம்.

காட்டின் வடவெல்லையை அடுத்து மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி என்னும் ஊர்கள் உள்ளன. கரடியும் பாலையும் ஊர்ப்பெயர்களாகும் அளவுக்குக் காட்டோடு கலந்து வாழ்ந்த மக்கள் அவ்வூரினர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவர்களுட் பெருந்தொகையினர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து தஞ்சமடைந்தனர். யுத்தம் 2009 இல் முடிந்தபின் சென்று பார்த்தபொழுது, வீடிருந்த இடத்தில் மரம் வளர்ந்திருந்தது. எது ஊர், எது காடு என்னும் வழக்கு அதிலிருந்து எழுந்தது. காடு அழியலாகாது என்பாரின் கவலையும் மெய். பிறந்த மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்பாரின் ஏக்கமும் மெய். இவ்விரண்டையும் நிறுத்துப் பார்க்கும் பொறுப்பு வளர்ந்துவரும் பிள்ளைகளின் கைகளுக்கே வந்து சேரும். காட்டை ஒருநாளும் காணாதவன் அதன் எல்லையைப் பற்றி எவ்வாறு நியாயம் கூறுவான்?

ஆதலால், அடுத்த சுற்றுலாவுக்குப் பெயர்ப்பட்டியல் எழுத அமரும் ஆசிரியர்கள், தூரத்து ஊர்களை எழுதுமுன் அயலிலுள்ள காட்டையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. சோளகம் வீசி, தோணிகள் கரையேறி, கடற்றொழில் குன்றியிருக்கும் நாட்களில், பாலை பழுத்துக் கரடி மரமேறும் காட்டுக்குள், காலை ஆறு மணிக்கு, முப்பது பிள்ளைகள் பேசாது அமர்ந்திருக்கும் ஒரு வண்டித்தொடர் செல்லுமானால், அப்பிள்ளைகள் தங்கள் மாவட்டத்தைத் தாங்களே அறியத் தொடங்குவர்.