த்ராட்டில் பாடி மீது விழும் பழி

பெட்ரோல் என்ஜின் உள்ளிழுக்கும் காற்றை அளந்துவிடும் உலோகக் குழலே த்ராட்டில் பாடி. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது அதனுள் இருக்கும் வட்டத் தகடு ஓர் அச்சில் திரும்பி வழிவிட, நுழையும் காற்றுக்கேற்ப, ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு என்ற எடை விகிதத்தில், இ.சி.யு. என்னும் கணினி பெட்ரோலைப் பீய்ச்சச் செய்கிறது. முன்பு மிதியையும் தகட்டையும் ஒரு கேபிள் இணைத்தது. இன்றைய கார்களில் கணினியின் கட்டளைப்படி சிறு மோட்டார் தகட்டைத் திருப்ப, அது உண்மையில் எவ்வளவு திரும்பியது என்பதை இரண்டு சென்சார்கள் தனித்தனியே தெரிவிக்கின்றன.

புதுச்சேரியின் நெல்லித்தோப்பு சிக்னல் போல வண்டிகள் நின்று நின்று நகரும் இடங்களில்தான் இதன் கோளாறு முதலில் தலைகாட்டும். என்ஜின் ஓடியபடி கார் நிற்கும்போது தகடு மயிரிழை அளவே திறந்திருப்பதால், கிராங்க் கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவி அதன் விளிம்பில் கரியாகப் படிந்து அந்தச் சிறு இடைவெளியையும் அடைக்க, நிமிடத்துக்கு 700–800 சுற்றில் நிலைக்க வேண்டிய ஐடிலிங் ஏறி இறங்குகிறது. ஏசி போட்டதும் என்ஜின் அணைந்தும் போகலாம். விழுப்புரம் சாலையில் வேகமெடுத்தால், தகடு அகலத் திறப்பதால், அதே கார் குறையின்றி ஓடும்.

வெடித்த வேக்குவம் ஹோஸும் தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் இதே அறிகுறிகளைக் காட்டக்கூடும் என்பதை மறந்து, விலை கூடிய உதிரியை உடனே மாற்றச் சொல்வது அவசரத் தீர்ப்பு. ஸ்கேனரில் பி2135 என்ற குறியீடு வந்தால், இரு சென்சார்களின் அளவும் ஒத்துப்போகவில்லை என்பதே பொருள். அந்நிலையில் கணினி மோட்டாருக்கான மின்சாரத்தைத் துண்டிக்க, ஸ்பிரிங் தகட்டைச் சிறிதே திறந்த நிலையில் நிறுத்துவதால், வண்டி தவழ்ந்தாவது ஒர்க்‌ ஷாப் சேரும். சாக்கெட்டில் ஏறிய துருகூட இதற்குக் காரணமாகலாம் என்பதால், கடற்காற்று வீசும் ஊரில் அதையே முதலில் கழற்றிப் பார்ப்பது நல்லது. பிறகு என்ஜினை இயக்காமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, மிதியை மெல்ல அழுத்தியபடி லைவ் டேட்டாவைக் கவனிக்க வேண்டும்: பல கார்களில் ஒரு சென்சாரின் வோல்ட் ஏற ஏற மற்றதன் வோல்ட் இறங்கி, கூட்டுத்தொகை 5 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். இடையில் அளவு திடீரென விழுந்து எழுந்தால், வயரிங் சரியாக இருக்கும்பட்சத்தில், பழுது உள்ளேதான்.

கரி மட்டுமே குறையெனில் அதற்கென விற்கும் கிளீனரால் துடைத்தாலே போதும். ஆனால் இக்னிஷன் ஆனில் இருக்கையில் தகட்டை விரலால் தள்ளக் கூடாது, மோட்டார் மூடினால் விரல் நசுங்கும். சுத்தம் செய்தபின் ஐடிலிங் கூடினால் அதைப் புதுப் பழுதென்று எண்ண வேண்டியதில்லை: அடைப்பை ஈடுகட்டத் தகட்டைச் சற்றுக் கூடுதலாகத் திறந்தே பழகிய கணினி, புதிய அளவை மறுபடி கற்கும் வரை அப்படியே திறந்துகொண்டிருக்கும்.