மசக்கையோடு முதல் பீரியட்: ஆசிரியைகள் சமாளிப்பது எப்படி?

போர்டு பக்கம் திரும்பினால் தலை சுற்றுகிறது. மதியம் பிள்ளைகள் டிபன் பாக்ஸைத் திறந்தால் குமட்டுகிறது. ஆனால், ‘மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்’ என்று வீட்டில் சொன்னதால் பள்ளியில் யாருக்கும் தெரியாது.

சிக்கலே இதுதான். மசக்கை பெரும்பாலும் 6-வது வாரத்தையொட்டித் தொடங்கி, 9-வது வாரத்தில் உச்சம் தொட்டு, 12 முதல் 16 வாரங்களுக்குள் தணியும். ரகசியம் காக்கும் காலம்தான் உடம்பு படுத்தும் காலமும்.

இது மனபலம் சம்பந்தப்பட்டது இல்லை. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஜிடிஎஃப்15 ஹார்மோனுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு என்று 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது.

என்ன செய்யலாம்?

* வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். படுக்கையை விட்டு எழும் முன்பே ரஸ்க் அல்லது பொரி சாப்பிடுங்க.
* பீரியடுக்குப் பீரியட் கொஞ்சம் சாப்பாடு, ஓரிரு மடக்கு தண்ணீர்.
* தலைமை ஆசிரியரிடம் மட்டுமாவது சொல்லிவிடுங்க. முதல் பீரியடை மாற்றிக் கேட்கலாம். உட்கார்ந்து பாடம் எடுக்கலாம். அவசரமாக வெளியே போனால் பக்கத்து வகுப்பு டீச்சர் பார்த்துக்கொள்வார்.

தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் குறைகிறது, எடை இறங்குகிறது என்றால் உடனே டாக்டரைப் பாருங்க. கர்ப்பிணிகளுக்கு ஏற்ற மாத்திரைகள் இருக்கின்றன. நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

சட்டப்படியான மகப்பேறு நலன்கள் பொருந்தும் பள்ளி என்றால், கர்ப்பத்தால் வரும் உடல்நலக் குறைவுக்கு உரிய சான்றுடன் கூடுதலாக ஒரு மாதம் வரை ஊதியத்துடன் விடுப்பு கேட்கலாம். கேட்பதற்கு முதலில் சொல்லியாக வேண்டும்.