பல்லுக்கு முன் எலும்பு

'பல் போனால் சொல் போச்சு' என்பது பழமொழி. பல்லோடு எலும்பும் போகிறது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. மெல்லும் அழுத்தம் கிடைக்காத தாடை எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. பல் எடுத்த முதல் ஆண்டிலேயே அதன் அகலத்தில் ஏறக்குறையப் பாதி குறைந்துவிடக்கூடும்.

உயிருள்ள எலும்போடு டைட்டானியம் ஒன்றிவிடும் என்பதைச் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்-இங்வார் பிரோனேமார்க் 1952-இல் கண்டறிந்தார். 1965-இல் நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகப் பல் பதித்தார். ஆயினும் ஒன்றுவதற்கு எலும்பு வேண்டுமே! மேல்தாடையின் கடைவாய்ப் பகுதிக்கு மேலே சைனஸ் என்னும் காற்றறை உள்ளது. எலும்பு கரையக் கரைய, இடைவெளி சுருங்குகிறது. இதற்காகக் கன்னப் பக்கத்தில் சாளரம் திறந்து எலும்பு நிரப்புவது முந்தைய முறை. பல் பதிக்கும் சிறு துளை வழியாகவே சவ்வை மெல்ல உயர்த்தி, எலும்புத் துகளை இடும் முறையை அமெரிக்க மருத்துவர் ராபர்ட் சம்மர்ஸ் 1994-இல் விளக்கினார். இதில் வலியும் வீக்கமும் குறைவு. எனினும் எலும்பு மிகவும் குறைந்துவிட்டவர்களுக்குப் பழைய முறையே தேவைப்படலாம்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர் மக்கள் இதற்காக நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1959 முதல் இயங்கி வருகிறது. எலும்புக் குறையை நிரப்பும் ஹைட்ராக்சிஅபடைட் பீங்கான் பொருள்களை அதே நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கியுள்ளது என்பது நமக்குப் பெருமை.

சிகிச்சைக்கு முன் சர்க்கரை நோயைக் கட்டுக்குள் கொண்டுவருதல், புகைபிடித்தலை நிறுத்துதல், எலும்புத் தேய்வுக்கு உண்ணும் மருந்துகளை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுதல் ஆகியவை இன்றியமையாதவை.

இனி, பணம். நிரப்பிய எலும்பு உறுதிப்படப் பல மாதங்கள் ஆகும். ஆகவே செலவும் கட்டங்கட்டமாகவே வரும். ஸ்கேன், எலும்புத் துகள், பதியம், மேற்பல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுத்து மூலம் மதிப்பீடு பெறுக. மருத்துவக் காப்பீடுகளில் பல, விபத்தால் நேர்ந்தவை தவிரப் பிற பல் சிகிச்சையை ஏற்பதில்லை; பாலிசியைப் படித்தறிக. ஓய்வூதியர்கள் அவசரத்தில் நிரந்தர வைப்பை முறித்து வட்டியை இழக்க வேண்டாம். வைப்பின் மீதே கடன் பெறலாம். அதன் வட்டி பொதுவாக வைப்பு வட்டியைவிடச் சற்றே கூடுதலாகவும், தனிநபர் கடன் வட்டியைவிடக் குறைவாகவும் இருக்கும்.

எடுத்த பல்லின் இடத்தை ஆண்டுக்கணக்கில் வெறுமையாக விட்டால் எலும்பும் கரையும், பின்னர் செலவும் கூடும். ஆகவே பல் எடுக்கும் நாளிலேயே அடுத்த கட்டத்தை மருத்துவரிடமும், அதற்கான தொகையைக் கிளையிலும் கலந்து பேசுவது நன்று.