லாரி ஓட்டுநர்களின் சோர்வும் உறக்கமும்: பணியமைப்பு நோக்கு

கடலூர் மாவட்டம், நெய்வேலியை அடுத்த முத்தாண்டிக்குப்பத்தின் சுற்றுவட்டாரம் பழுப்பு நிலக்கரிக்கும் முந்திரிக்கும் பெயர்பெற்றது. இத்தகைய பகுதிகளின் விளைபொருள்களை வெளிச்சந்தைக்குக் கொண்டு செல்வோர் லாரி ஓட்டுநர்கள். அவர்தம் சோர்வு தனிமனிதக் கவனக்குறைவா, பணியமைப்பின் விளைவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மனித உடலின் உயிர்க்கடிகாரம் பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரையிலும் பிற்பகலிலும் விழிப்புநிலையைத் தாழ்த்துகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், குருதியில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்கு ஒப்பாகக் குறைவதை 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. தேநீர் இச்சோர்வைச் சற்று மறைக்கும், நீக்காது. 20 நிமிடக் குறுந்துயில் ஓரளவு மீட்கும். எனினும் முழு உறக்கத்திற்கு ஈடாகாது.

1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வேலைநேரத்தை வரையறுத்தது. ஆயினும், நடைக் கணக்கில் கூலி பெறுவோர்க்கு ஓய்வு என்பது வருவாய் இழப்பாகிறது. சரக்கு ஏற்றவும் இறக்கவும் காத்திருக்கும் நேரமோ அவர்களுக்கு உறக்கமும் தருவதில்லை, ஊதியமும் தருவதில்லை. புதிதாகத் தயாரிக்கப்படும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயமாக்கப்பட்டமை வெப்பச் சோர்வைக் குறைக்கும். உறக்கத்திற்கான நேரத்தை அது தாராது.

எனவே, காத்திருப்புக்கு ஊதியம், சரக்கேற்றும் இடத்தருகே நிழலும் கழிப்பறையும் உடைய உறங்கிடம், பின்னிரவுப் பயணத்தைக் குறைக்கும் நேரத்திட்டம் ஆகியவை இணையும்போதே சட்டம் வகுத்த ஓய்வு உறக்கமாக மாறும்.