சுவடியும் சொல்லும்

ஆங்கிலக் கவிதை என்றதும் ஷேக்ஸ்பியர், மில்டன், வேர்ட்ஸ்வர்த் என்னும் பெயர்களே நம்மிற் பலருக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. ஷேக்ஸ்பியர் பிறந்தது 1564ஆம் ஆண்டிலாகும். அதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்னரே, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள விட்பி மடாலயத்திலே, கேட்மன் என்னும் மாட்டிடையன் தன் தாய்மொழியிற் கடவுளைப் பாடினான் என்று பீட் என்னும் துறவி 731ஆம் ஆண்டில் முடித்த தமது திருச்சபை வரலாற்றிற் குறித்திருக்கின்றார். அவ்விடையனின் பாட்டுத் தொடங்கி, 1400ஆம் ஆண்டில் மறைந்த சோசருக்குப் பின்வந்த புலவர் வரையுள்ள நீண்ட பரப்பையே இடைக்கால ஆங்கிலக் கவிதை என்கிறோம். பட்டப் படிப்பை முடித்தபின், முதுகலைமாணி, கலாநிதிப் பட்டங்களுக்காக இப்பரப்பினுள் நுழையும் மாணவர் எதைக் கற்கின்றார்? அதனால் விளையும் பயன் யாது? இவ்விரு வினாக்களுக்கும் இன்று விடை காண முயல்வோம்.

முதலிற் கற்கவேண்டியது மொழி. 1066ஆம் ஆண்டில் நோர்மண்டியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுமுன் வழங்கிய பழைய ஆங்கிலம் இன்றைய ஆங்கிலேயருக்கும் அந்நிய மொழி போன்றதே. அதிற் பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கேற்ப உருமாறும். உயிரில்லாப் பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் என்னும் பாகுபாடு உண்டு. இன்று வழக்கொழிந்த எழுத்துக்கள் சிலவும் உண்டு. இலக்கண நூலோடும் அகராதியோடும் பல மாதம் அமர்ந்து உழைத்தாலன்றி ஓரடிக்கும் தாமாகப் பொருள்காண மாணவருக்கு இயலாது. செய்யுளின் அமைப்பும் வேறு. அடியின் ஈற்றில் ஒலியொத்து வரும் இயைபு அங்கே வழக்கமன்று. ஓரடி இரு பாதிகளாகப் பிரிந்து நிற்கும். முதற்பாதியில் அழுத்தம் பெறும் சொல்லின் தொடக்க ஒலி மறுபாதியிலும் வந்து இரண்டையும் பிணைக்கும். நம் யாப்பில் மோனை என வழங்குவதை அறிந்தவர்க்கு இஃது எளிதில் விளங்கும். நோர்மண்டியர் வருகைக்குப் பின் பிரெஞ்சுச் சொற்களும் இயைபுச் செய்யுளும் பெருகின. எனினும் பழைய மரபு முற்றாக மறையவில்லை. இலண்டனிற் சோசர் இயைபுடன் பாடிய அதே 14ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியிற் பெயர் தெரியாத புலவரொருவர் 'சேர் கவெயினும் பச்சை வீரனும்' என்னும் காவியத்தை மோனையை அடிப்படையாகக் கொண்டு யாத்தார்.

மொழியைக் கற்றபின் மாணவர் எதிர்கொள்வது சுவடி. பட்டப் படிப்பிற் பயில்பவர் அச்சிட்ட நூலை வாசித்துப் பொருள் கூறுவதோடு நின்றுவிடலாம். அதற்கு மேற்செல்பவரோ, அந்த அச்சு எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கடமைப்பட்டவர். 'பேயோவுல்ப்' என்னும் வீரகாவியத்தை எடுத்துக்கொள்வோம். 3,182 அடிகள் கொண்ட இக்காவியம் ஒரேயொரு தோற்சுவடியில் மாத்திரமே எஞ்சியுள்ளது. கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி இருவர் அதனைப் பிரதிசெய்தனர். பின்னர் அது சேர் றொபேட் கொட்டன் என்பவர் திரட்டிய நூற்றொகுதியிற் சேர்ந்தது. 1731ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 23ஆம் நாள், வெஸ்ட்மின்ஸ்டரில் அத்தொகுதி வைக்கப்பட்டிருந்த மாளிகையிலே தீப்பற்றியது. சுவடி எரிந்து போகவில்லை. ஆயினும் அதன் ஓரங்கள் கருகின. கருகிய தோல் ஆண்டுக்காண்டு பொடிந்து உதிர, அதனோடு எழுத்துக்களும் உதிர்ந்தன.

இவ்வாறு உதிர்ந்துகொண்டிருந்த காலத்திலே, ஐஸ்லாந்திற் பிறந்து டென்மார்க்கிற் பணியாற்றிய தோர்க்கெலின் என்னும் அறிஞர் இலண்டனுக்கு வந்தார். 1787ஆம் ஆண்டளவில் அக்காவியத்தின் ஒரு பிரதியை வேறொருவரைக் கொண்டு எழுதுவித்தார். மற்றொன்றைத் தாமே எழுதினார். 1807இல் ஆங்கிலக் கடற்படை கொப்பன்ஹேகன் நகரைத் தாக்கியபோது அவருடைய வீடும், அவர் ஆயத்தஞ் செய்திருந்த பதிப்பும் எரிந்து அழிந்தன. பிரதிகள் இரண்டும் தப்பின. அவர் மீண்டும் உழைத்து 1815இல் அக்காவியத்தை முதன்முறையாக அச்சேற்றினார். அப்பதிப்பிற் பிழைகள் மலிந்திருந்தன. ஆயினும், சுவடியில் இன்று காணப்படாத எழுத்துக்கள் பலவற்றை அவ்விரு பிரதிகளைக் கொண்டே நாம் அறிகிறோம். 1845இல் ஒவ்வோர் ஏடும் கடதாசிச் சட்டத்துள் ஒட்டப்பட்டுப் பாதுகாக்கப்பட்டது. அச்சட்டமோ தன் பங்குக்குச் சில எழுத்துக்களை மறைத்தது. இவ்வரலாற்றை அறிந்த மாணவர் அச்சிலே ஒரு சொல்லைக் காணும்போது, இது சுவடியில் உள்ளதா, தோர்க்கெலின் கண்டதா, பதிப்பாசிரியர் ஊகித்ததா என்று பிரித்தறியப் பழகுகின்றார்.

சுவடி ஒன்றே எஞ்சினால் வரும் இடர் அது. பல எஞ்சினால் வரும் இடர் வேறு. சோசரின் 'கன்ரபரிக் கதைகள்' எண்பதுக்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளில் முழுமையாகவோ பகுதியாகவோ கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றேனும் சோசர் தம் கையால் எழுதியதென்று நிறுவப்படவில்லை. கதைகளின் வரிசை பிரதிக்குப் பிரதி மாறுபடுகின்றது, சொற்களும் மாறுபடுகின்றன. சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மன்லி என்பாரும் எடித் றிக்கெட் அம்மையாரும் இப்பிரதிகள் அனைத்தையும் ஒப்புநோக்கும் பணியை மேற்கொண்டு, அதன் பயனை எட்டுத் தொகுதிகளாக்கினர். அவை 1940இல் வெளிவந்தன. அவற்றைக் காணும் பேறு அம்மையாருக்குக் கிட்டவில்லை; அவர் 1938இலேயே காலமானார்.

இனி, சொற்பொருளை நோக்குவோம். நன்கு தெரிந்தவை போலத் தோன்றும் சொற்களே மாணவரைப் பெரிதும் ஏமாற்றுகின்றன. இன்று இனிமையைக் குறிக்கும் 'நைஸ்' என்னும் சொல் சோசர் காலத்தில் மூடத்தனத்தைக் குறித்தது. இன்று மூடத்தனத்தைக் குறிக்கும் 'சில்லி' என்னும் சொல்லின் முன்னைய வடிவமோ பேறு பெற்ற நிலையைக் குறித்தது. இத்தகைய மாற்றங்களை மேற்கோளுடன் விளக்கும் இடைக்கால ஆங்கில அகராதியை மிச்சிகன் பல்கலைக்கழகம் 1952 தொடக்கம் 2001 வரை பகுதி பகுதியாக அச்சிட்டு முடித்தது. அரை நூற்றாண்டு முயற்சி அது.

ஒரு சொல்லின் பொருள் மனிதரின் பெயரையே தொட்டுவிடுவதும் உண்டு. 1380ஆம் ஆண்டு மே மாதத்திற் செசிலி சம்பெயின் என்னும் பெண், தன் 'ரப்துஸ்' தொடர்பாகச் சோசர்மேல் இனி வழக்கில்லை என்று எழுதிக் கொடுத்த இலத்தீன் ஆவணமொன்றை 1873இற் பேணிவல் என்னும் அறிஞர் கண்டெடுத்தார். அவ்விலத்தீன் சொல் கற்பழிப்பையும் குறிக்கலாம். ஒருவரைக் கவர்ந்து செல்வதையும் குறிக்கலாம். ஏறக்குறைய 150 ஆண்டுகள் அறிஞர் இது குறித்து வாதிட்டனர். 2022இல் யூவன் றொஜர், செபஸ்தியன் சொபெக்கி என்னும் இருவர் அவ்வழக்கைச் சார்ந்த வேறு ஆவணங்களை வெளியிட்டனர். தோமஸ் ஸ்டோண்டன் என்பவர், செசிலி தவணை முடியுமுன் தம் வேலையை விட்டுச் சோசரிடம் சென்றதாக இருவர் மீதும் வழக்குத் தொடுத்திருந்தார் என்பது அவற்றால் தெரியவந்தது. 1348இற் பரவிய கொள்ளைநோயாற் கூலியாட்கள் அருகியபோது, வேலையாட்கள் இடம் மாறுவதைத் தடுக்க 1351இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டமே அவ்வழக்கின் அடிப்படை. சோசரும் செசிலியும் அங்கே எதிராளிகளாக அன்றி, ஒரே பக்கத்திற் பிரதிவாதிகளாக நிற்கின்றனர். இதனாற் சோசரின் வாழ்க்கையைப் பற்றிய எல்லாக் கேள்விகளும் தீர்ந்துவிட்டன என்பதில்லை. ஆனால் கவிதையைக் கற்பவர் சட்டத்தையும் கூலியையும் கொள்ளைநோயையும் ஏன் கற்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இத்துணை உழைப்பு இன்றைய உலகுக்கு வேண்டுமா என்று கேட்பவரும் உளர். 2021இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகம் இடைக்கால ஆங்கில இலக்கியப் போதனையை நிறுத்தும் திட்டத்தை முன்வைத்தபோது அறிஞர் பலர் அதை எதிர்த்தனர். போதனை நின்றால் நூல்கள் உடனே மறைந்துவிடா. அவற்றை வாசிக்கத் தெரிந்தவரே முதலில் மறைவர். வாசிப்பாரற்ற சுவடி, தீயிலிருந்து தப்பியும் பயனில்லை. காலம் மாறினும் ஆபத்து நீங்கவில்லை என்பதற்கு இன்னொரு நிகழ்ச்சியும் சான்று. 'பேயோவுல்ப்' சுவடியைக் காத்துவரும் பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே தாக்குதலுக்குள்ளாயின. இணையத்திற் காணக்கூடியனவாக இருந்த சுவடிப் படங்கள் பல மாதங்களுக்குக் கிடைக்காமற் போயின. தீயின்றியே சுவடிகள் கண்ணுக்கு மறைந்தன.

இக்கல்வியின் பெரும் பயனாக நான் கருதுவது ஒன்றுண்டு. உள்ளதை உள்ளது என்றும், உதிர்ந்ததை உதிர்ந்தது என்றும், ஊகித்ததை ஊகம் என்றும் வேறுபடுத்திச் சொல்லும் பழக்கத்தை அது மாணவருக்கு ஊட்டுகின்றது. தோர்க்கெலினின் பிழைகளை இன்றைய மாணவரும் எளிதிற் சுட்டிக் காட்டலாம். ஆனால் உதிர்ந்துகொண்டிருந்த ஏட்டின் முன் அமர்ந்து, தம் கண்ணுக்குத் தெரிந்ததை எழுத்தெழுத்தாக எழுதி வைத்தவர் அவரே. அவ்வெழுத்துக்களை நம்பியே நாம் இன்றும் அக்காவியத்தைப் படிக்கிறோம்.